போட்டுக் காட்டும் கன்னம்

அந்தப் பெண் கண்ணாடி மேசைமேல் அவ்வளவு நெருக்கமாகக் குனிந்தும் கண்ணாடியில் மூச்சுப் படியவில்லை. பதுளைக் கடைத்தெருவில் மழை இறங்கிய நாலு மணிக் குளிரில் நல்லையாவின் மூச்சே அவன் முகத்துக்கு முன்னால் புகையாக நின்றது. துடைக்கிற வேலை மிச்சம் என்று அவன் அதை அத்தோடு விட்டுவிட்டான்.

மூன்று வாரமாக அவன் செய்த ஒரே வேலை துடைப்பதுதான். கொழும்பிலிருந்து புது ரயிலில் வந்திறங்கிய சீமை அலங்காரப் பெட்டி ஒன்று மேசைமேல் திறந்தே கிடந்தது. ஏழு பவுடர் டப்பா, ஓர் உதட்டுச் சாயக் குச்சி. ஏழு டப்பாவுக்கும் ஏழு பெயர். திறந்தால் ஏழும் வெள்ளை. தோட்டத்துத் துரைசானிமார் கொழும்பிலேயே வாங்கிக்கொண்டார்கள். கடைத்தெரு வீட்டுப் பெண்கள் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, இது சுவருக்கு அடிக்கிறதா என்று கேட்டனுப்பினார்கள். செல்வநாயகம் முதலாளி காலையில் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்குப் பொழுதுக்குள்ள அந்தப் பெட்டி போகல, நாளைக்கு நீ மடுல்சீமைத் தோட்டத்துக்கே போயிரு. பெரட்டுல உம் பேரையும் சேர்த்துக்கச் சொல்லு."

விடியுமுன் தப்படித்து, பனியில் ஆளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற அந்தப் பெரட்டிலிருந்து, அட்டைகள் குடித்ததுபோக மிஞ்சிய இரத்தத்தோடு தப்பி வந்து அவனுக்கு ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஆகவே எந்தத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தாளோ தெரியாத, கம்பளியை மூக்குவரை இழுத்து முக்காடிட்ட இந்தப் பெண்ணையும் அவன் "வாங்கக்கா" என்றே கூப்பிட்டான்.

"எனக்குப் பொருந்துனாப் பெட்டியோட எடுத்துக்கிறேன்" என்றாள்.

"சீமைச் சரக்குக்கா. பொருந்தலைன்னாக் கோளாறு முகத்துலதான்."

அவள் சிரிக்கவில்லை. மூன்று வாரமாக யாரும் சிரிக்கவில்லை.

கடையில் ஒரு சட்டம் உண்டு. விற்கிறவன் பெண்பிள்ளைகளைத் தொடக்கூடாது. நிறத்தைத் தன் கன்னத்தில் போட்டுக் காட்டவேண்டும், துடைக்கவேண்டும், அடுத்ததைப் போடவேண்டும். முகம்பார்க்கும் கண்ணாடி எப்போதும் வாடிக்கைக்காரர் பக்கமே திரும்பியிருக்கவேண்டும். நல்லையா முதல் டப்பாவைத் திறந்து கன்னத்தில் ஒற்றிக் காட்டினான். ரோஜாவும் மாவும் கலந்த வாசனை எழுந்தது.

"இது வேணாம். துடைச்சிருங்க."

துடைத்தான்.

"அந்தத் துணியக் குடுங்க."

"அழுக்குத் துணிக்கா. புதுசா ஒரு டப்பா திறந்து தரேன்."

"துணி போதும்."

அதை முக்காட்டுக்குள் கொண்டுபோய் நிதானமாக ஒற்றிக்கொண்டாள். இவன் மனத்துக்குள் அவளுடைய ஏழு தலைமுறையையும் வாழ்த்தினான். ஒரு டப்பாவை விற்க வழியில்லை. துடைத்த துணிக்கு மட்டும் கிராக்கி. துணி திரும்பி வந்தபோது வெளேரென்றிருந்தது. வண்ணானுக்குப் போட்டாலும் அப்படி வராது.

இரண்டாவது டப்பா. வேணாம். துணி. மூன்றாவது. வேணாம். துணி. மூன்றாம் முறை துடைத்தபோது துணியில் தேயிலைச் சாயம்போல் மங்கலாக ஒரு பழுப்பு ஏறியிருந்ததை அவன் பார்த்தான். சீமைச் சரக்கு சாயம் போகிறதே என்று எரிச்சல் வந்தது. வெற்றிலையில் சுண்ணாம்பு அதிகமாகிப்போன வாய்போல இடது கன்னம் மரத்திருந்தது. ரோஜா வாசனைக்கு அடியிலிருந்து, புதிதாக வெட்டிய குழிமண்ணின் ஈரவாடை மெல்ல மேலே வந்தது.

நாலாவதைத் துடைத்துக் கொடுத்தபோது முக்காடு சற்றே விலகியது. மாநிறமான ஒரு கன்னம் தெரிந்தது. நடுவில் ஒரு மச்சம்.

நல்லையாவுக்கும் அதே இடத்தில் மச்சம் உண்டு. விரலால் தடவினான். தட்டுப்படவில்லை. திரும்பவும் தடவினான். முட்டையின் ஓட்டைத் தடவுவதுபோல் இருந்தது.

"அக்கா, அந்தக் கண்ணாடிய இப்படிக் கொஞ்சம் திருப்புங்க."

"இன்னும் மூணுதானே இருக்கு" என்றாள். "எடுத்துக்கிறேன்னு சொல்றேன்ல."

மூன்றுதான். அதற்குப்பின் பெட்டி போய்விடும். பெரட்டு இல்லை. அட்டை இல்லை. மச்சமில்லாமல் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"மூக்குல போட்டுக் காட்டுங்க."

ஐந்தாவது டப்பா. துடைத்தான். ரோஜா வாசனை நின்றது. மண்வாடையும் நின்றது. வாயால் மூச்சு வாங்கினான். ஆறாவது, நெற்றியில். ஏழாவது, தாடையில். துணி போனது. வெளுத்து வந்தது.

"பொருந்துது" என்றாள். அவள் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "உதட்டுக்கும் பார்த்துட்டா முடிஞ்சிருச்சு."

குச்சியால் உதட்டில் தீட்டினான். துடைக்கவில்லை. துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஓடலாம். தெருவில் மழை. தெரு முடிகிற இடத்தில் மடுல்சீமைக்குப் போகிற பாதை.

உள்ளறையிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "என்னடா, போகுதா இல்லையா?"

துடைத்தான்.

அவள் துணியை வாங்கினாள். ஒற்றினாள்.

இப்போது அவன் கத்தப் பார்த்தான். சத்தம் தொண்டைவரை வந்தது. அதற்குமேல் வழியில்லை.

"போகுது மொதலாளி" என்றது நல்லையாவின் குரல். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "கண்ணுக்கு மை இருந்தா அதையும் பார்த்துட்டு எடுத்துக்கிறாங்களாம்."

"மையா? உள்ள இருக்குடா. கொண்டாறேன். நீ போட்டுக் காட்டு."

அலமாரிக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் நெருங்கியது.

அவள் முக்காட்டை முழுவதும் பின்னால் தள்ளினாள். அவனுடைய நெற்றி. அவனுடைய மூக்கு. அவனுடைய உதட்டில் அவனுடைய வியாபாரச் சிரிப்பு. புருவங்களுக்குக் கீழே மட்டும் ஒன்றும் இல்லை, வழுவழுவென்று தோல். அந்தத் தோலை அவன் பக்கம் நேராகத் திருப்பி, துணிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.