பசு, வயது ஆறு, மடிக்கட்டி

காலையில் எண்ணியபோது பதினொன்று வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து மறுபடி எண்ணியபோது பதினேழு.

சுதர்ஷினி நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்துப் புறங்கையால் தேய்த்துக்கொண்டாள். பிழை தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். இருபது வாரக் கர்ப்பம், சரியான தூக்கமும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருப்பதில் பிழை வர வழியே இல்லை, ஏனென்றால் அது செத்துப்போன ஒன்று. ஒரு பசுவின் மடியிலிருந்து அறுத்தெடுத்த கட்டி அது. போர்மலினில் ஊறி, மெழுகில் உறைந்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவப்பட்டு, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏறி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டப்பட்டுக் கிடந்தது. அறுத்த நேரத்தில் எந்தெந்தக் கலம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்ததோ, அது அந்தக் கோலத்திலேயே நின்றுபோயிருக்கும். அவற்றை எண்ணுவதுதான் அவள் வேலை. எண்ணிக்கை ஏற ஏறக் கட்டி பொல்லாதது என்று பொருள். இன்றைக்குப் பதினொன்று என்றால் பத்து வருஷம் கழித்தும் பதினொன்றுதான்.

கந்தப்பளைக்கு மேலே, தேயிலை மலையின் நெற்றியில் ஒட்டியிருந்த பழைய துரை பங்களா ஒன்றுதான் இப்போது கால்நடை நோய் ஆய்வுகூடமாகியிருந்தது. பெரிய டாக்டர் மதுரன் கண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பசுவுக்கு மடியில் கட்டி வருவதே அபூர்வம் என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டு, இந்தத் துண்டை அவரே வெட்டி, அவரே மெழுகில் ஏற்றி, ஸ்லைடை மட்டும் அவளிடம் கொடுத்திருந்தார். இரண்டு தடவை எண்ணி, இரண்டும் ஒத்துப்போனால்தான் தாளில் எழுதலாம் என்பது அவர் வைத்த சட்டம்.

கதவில் யாரோ தட்டினார்கள். பின்கட்டில் பிரேதப் பரிசோதனை மேசைகளைக் கழுவுகிற மரியரட்ணம், தொப்பியும் குடையுமாக நின்றிருந்தார்.

"மிஸ், மூணேகால் பஸ்ஸு. மாட்டு மடியவே பாத்துக்கிட்டு இருந்தா வூட்டுக்காரரு கோவிச்சுக்கப் போறாரு."

"நீங்க போங்கண்ணே. இன்னொருவாட்டி எண்ணிட்டா முடிஞ்சிச்சு. அவரு பைக்குல வருவாரு."

"பனி எறங்குது, பாத்துக்குங்க." அவர் குடையால் அவள் வயிற்றைக் காட்டினார். "சின்னவரு என்ன சொல்றாரு? ஒதைக்கிறாரா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்பன மாதிரி சோம்பேறி போல. வரட்டும் வரட்டும்."

அவள் சிரித்தாள். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. ஆறு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. இந்நேரம் அசைவு தெரிந்திருக்க வேண்டுமே என்று போன கிளினிக்கில் மிட்வைஃப் நெற்றியைச் சுருக்கினாள். புதன்கிழமைக்குள் தெரியாவிட்டால் நுவரெலியாவில் ஸ்கேன் என்று எழுதியும் கொடுத்திருந்தாள். இன்று திங்கள். தினமும் இரவு புருஷன் பிரதாப் அவள் வயிற்றில் காதை வைத்துப் படுப்பான். அசைந்ததா என்று வாயால் கேட்கமாட்டான். அவன் கேட்காததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வெளியே பனி மலையை முழுங்கிவிட்டது. முதலில் கீழே தெரிந்த தேயிலை ஃபெக்டரியின் தகரக் கூரை போயிற்று, பிறகு சைப்ரஸ் மரங்கள், பிறகு வாசல் படிகள், கடைசியில் ஜன்னல் கம்பிக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. வாட்டப்போட்ட கொழுந்தின் பச்சை வாசமும், அறைக்குள்ளிருந்த மெழுகும் போர்மலினும் சேர்ந்து, காய்ந்த பால் சட்டியின் வாடை மாதிரி ஒன்று அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

எஃகுக் கவுண்டரைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும். டிக். டிக். அமைதியில் அந்தச் சத்தம் ஓட்டில் விழும் மழைத்துளி மாதிரி கேட்டது. பிரிந்துகொண்டிருந்த ஒவ்வொரு கலமும், கோத்திருந்த இரண்டு கைகள் மெல்ல விலகுவதுபோல நின்றது. ஸ்லைடில் எண்ண வேண்டிய பத்து இடங்களையும் பார்த்து முடித்துக் கவுண்டரைத் திருப்பினாள்.

இருபத்தாறு.

ஒரே ஒரு கலத்தை மட்டும் குறிவைத்தாள். மேல் ஓரத்தில், ஒரு சின்ன மடிப்புக்குப் பக்கத்தில், அப்போதுதான் விலகத் தொடங்கியிருந்த ஒன்று. ஸ்லைடை அசைக்காமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியைப் போட்டாள். திரும்பி வந்து பார்த்தாள்.

மடிப்புக்குப் பக்கத்தில் இரண்டு கலங்கள் இருந்தன.

துண்டு சரியாக ஊறவில்லையோ? அதுதான். அப்படித்தான் இருக்க வேண்டும். மிச்சத் துண்டு கிடக்கும் போத்தலைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் போத்தலை அவள் இதுவரை பார்த்ததில்லை. அவள் கிளினிக்குக்குப் போன நாளில்தான் அது வந்திருந்தது.

பக்கத்து அறையில் தட்டுத் தட்டாகப் போத்தல்கள். நாலாவது தட்டில் இருந்தது. 'பசு, வயது ஆறு, மடிக்கட்டி' என்று டாக்டரின் கையெழுத்து. உரிமையாளர் பெயருக்கான இடம் காலி. டாக்டர் வெட்டியது போக மிச்சம் ஒரு எலுமிச்சங்காய் அளவு என்று பதிவில் படித்திருந்தாள். இதுவோ போத்தலின் நாலு பக்கமும் கண்ணாடியில் அழுந்திக்கொண்டு நின்றது. போர்மலின் ஊற்ற இடமே இல்லாத அளவுக்கு.

அவள் போத்தலைத் தூக்கினாள். விரலுக்கு அடியில் கீறல் ஒன்று தட்டுப்பட்டது. கவிழாமல் சரித்து அடியைப் பார்த்தாள்.

'சு'.

வைர முனைப் பென்சிலால் கீறிய எழுத்து. அவளே கீறியது. உடப்புசல்லாவையில் மாமியார் பேச்சியம்மா வளர்க்கிற வெள்ளச்சி என்ற பசுவின் பால் தினமும் காலை வான் வண்டியில், மாற்றி மாற்றி அனுப்புகிற இரண்டு போத்தல்களில்தான் வரும்; அதில் ஒன்று இது. மற்றவர்களுடைய போத்தலோடு மாறிவிடக்கூடாதென்று அவள் போட்ட அடையாளம் அது. நாலு மாதமாக அந்தப் பால்தான். வெள்ளச்சிக்குப் பால் வற்றிவிட்டதென்று சொல்லி, ஒன்பது நாளாகத்தான் பிரதாப் கடைப்பால் வாங்கி வருகிறான்.

போனை எடுத்தாள். கீழே ஃபெக்டரியில் வேலையாக இருந்த பிரதாப் உடனே எடுத்தான், பின்னால் கொழுந்து அரைக்கும் ரோதைகளின் இரைச்சலோடு.

"என்னாங்க, வெள்ளச்சி எப்படி இருக்கா?"

"அவளுக்கு என்னா, நல்லா இருக்கா."

"மடியில கட்டி இருந்திச்சா?"

பின்னால் கேட்ட இரைச்சல் தேய்ந்தது; அவன் வெளியே நடந்து வந்திருந்தான்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"போத்தல் இங்க இருக்குங்க. நம்ம போத்தல்."

பிரதாப் மூச்சு விட்டான். "செத்துப் போச்சு, சுதா. ஒம்பது நாளாச்சு. மாசமா இருக்கிறவகிட்ட சாவுச் சேதி சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிருச்சு. பால் சங்கத்து ஆளு அறுத்து அனுப்பணும்னு நின்னாரு, அம்மா அவசரத்துல கைக்குக் கெடைச்ச போத்தல குடுத்திருச்சு. பேரு எழுதாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். நீ பாத்துட்டா அழுவியேன்னு."

"கடைசியா எப்ப கறந்தாங்க?"

"செத்த அன்னைக்குக் காலையில. அதுதான் யாருக்கும் சந்தேகம் வரல. ரெண்டு வாளி, நொரைக்க நொரைக்க. அவ்வளவு பால் அவ என்னைக்கும் குடுத்ததில்லையாம். அதையுந்தான் ஒனக்கு அனுப்பிச்சு." அவன் குரல் இளகியது. "பயப்படாத புள்ள. இந்தா கெளம்பிட்டேன். பத்து நிமிசம்."

அவள் அந்தப் பாலை நினைத்துப் பார்த்தாள். லேசாக உப்புக் கரித்தது. மசக்கை நாக்கு என்று நினைத்துக் குடித்தாள். போத்தலின் அடியில் நின்ற கடைசி வாய் வரைக்கும்.

காய்ச்சித்தானே குடித்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கட்டி ஒரு உடம்பைவிட்டு இன்னொரு உடம்புக்குப் பால் வழியாகப் போகாது. படித்த பாடம். டாக்டரே கேட்டால் சிரிப்பார். போத்தலைத் தட்டில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து நுணுக்குக்காட்டியில் மறுபடி கண்ணை வைத்தாள்.

வெறும் ரோஸ் நிறம்.

முதல் இடம். ஒன்றுமில்லை. இரண்டாவது இடம். ஒன்றுமில்லை. பத்து இடங்களிலும் பிரிகிற கலம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அடங்கி, செத்த தசை எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. பூச்சியத்துக்குத் திருப்பி வைத்த கவுண்டர் அப்படியே நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தூக்கமில்லாத கண். அவ்வளவுதான். நாளைக்கு டாக்டரிடம் சொல்லி வேறு ஸ்லைட் வெட்டச் சொல்லலாம். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக் கண்ணை மூடினாள்.

அப்போது அசைந்தது.

தொப்புளுக்குக் கீழே, ஒரு மீன்குஞ்சு புரண்டதுபோல. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி. சந்தேகமே இல்லை. கண்ணில் தண்ணீர் தளும்பியது. ஆறு வருஷம். போனை எடுத்து அழைத்தாள்.

"என்னாங்க... அசையுதுங்க!"

"என்னாது?" பைக்கை நிறுத்தும் சத்தம். "சுதா! நெசமாவா? அடியே!" பனிக்குள் நின்று அவன் கத்துவது போனிலும் கேட்டது, தூரத்தில் ரோட்டிலும் கேட்டது. "எத்தன தரம்? எண்ணுனியா? நீதான் எல்லாத்தையும் எண்ணுற ஆளாச்சே!"

அவள் சிரித்துக்கொண்டே கவுண்டரை எடுத்தாள். இடது பக்கம் ஒன்று. டிக். அதே கணத்தில் வலது பக்கம் ஒன்று. டிக்.

இரட்டையோ?

ஒரு நிமிஷம் அமைதி. பிறகு இடப்பக்கம் இரண்டு. வலப்பக்கம் இரண்டு.

நாலு.

"சொல்லு புள்ள, எத்தன?"

அசைவு இப்போது வேறு இடங்களில். விலா எலும்புக்குக் கீழே. இடுப்பில். மேலே, மார்புக்குப் பக்கத்தில், பிள்ளை இருக்கவே முடியாத இடத்தில்.

எட்டு.

"அம்மாவுக்கு இப்பவே போன் போடுறேன். வெள்ளச்சி பால் வீண் போகலன்னு சொல்றேன், இரு..."

பதினாறு.

சேலைத் துணி எழும்பியது. பட்டாணி அளவில், வரிசை வரிசையாக. ஒவ்வொரு மேடும் நடுவில் குழிந்து, இரண்டாக மெல்ல விலகியது. அவள் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருந்தது. டிக் டிக் டிக் டிக். எண்ணி மாளவில்லை. போனில் பிரதாப் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தான். அவள் கையிலிருந்து கவுண்டர் நழுவித் தரையில் விழுந்தது.

விழுந்த பிறகும் அது எண்ணிக்கொண்டிருந்தது.