பனை இறங்காத ஊர்

"எங்க ஊருல எட்டு நாளா ஒருத்தன்கூட பனையவிட்டு எறங்கல்ல வே. தீனி, தண்ணி, ஒறக்கம், எல்லாம் மேலதான். அப்படி ஒழைக்கியானுவ" என்று தக்கலைச் சந்தையில் கருப்பட்டி வியாபாரி சுயம்புலிங்கம் மார்தட்டினார்.

"பின்ன ஒமக்க சாக்கு ஏன் காலியா கெடக்கு?" என்றான் ஒருத்தன். சுற்றி நின்றவர்கள் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்கள். சுயம்புலிங்கத்தின் கதைகளில் பனைக்கு ஒன்பது குடம் அக்கானி என்னும் பதநீர் இறங்கும். புலி வந்து வரிசையில் நின்று ஒரு ஓலைப்பட்டை நிறையக் குடித்துவிட்டுப் போகும். சிரிக்காமல் நின்றவர் சுகாதார இன்ஸ்பெக்டர் தேவகுமார் மட்டும்தான். நம்பியதனால் அல்ல. சிரிக்கத் தெம்பில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்து, பங்குனி. தக்கலைக்கும் கடலுக்கும் நடுவே தேவகுமார் மிதித்த மணலையெல்லாம் குவித்தால் வேளிமலைக்கு ஒரு தம்பி முளைத்திருப்பான். வவ்வால் செத்து விழுகிற ஊருக்குப் போக வேண்டும். அந்த ஊரில் ஒவ்வொரு ஆளையும் கண்ணால் பார்த்து, நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருத்தனுக்குக் காய்ச்சல் இருந்தாலும் ஊரை வேலி கட்டி அடைத்துவிட வேண்டும். இதுதான் உத்தரவு. சுயம்புலிங்கத்தின் ஊரான கல்லுப்பனைவிளையில் வவ்வால்கள் கிழிந்த குடைகளைப்போல மணலில் கிடந்தன. பெண்கள் நெற்றி குளிர்ச்சி. பிள்ளைகள் நெற்றி குளிர்ச்சி. ஆண்களை மட்டும் இரண்டு தடவை போயும் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது தடவை அந்தி சாயும் நேரத்தில், பனந்தோப்பான அந்த விளையின் முதல் வீட்டு முற்றத்தில் போய் நின்றார்.

"எங்கட்டி ஒனக்க மாப்பிள?"

"பனையிலாக்கும், ஏமானே" என்றாள் பூங்கனி. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"எப்பளும் பனையிலியா?"

"மேல போனா அலுப்பு தீருதாம். எறங்க மனசு வரல்லியாம்." அவள் அவருடைய சட்டையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "வேலி கெட்டிராதியும், ஏமானே. எனக்க பிள்ளியளும் உள்ள கெடந்து சாவும்."

அவர் பனைகளைப் பார்த்து நடந்தார். அக்கானி காய்ச்சும் ஓலைக்குடிலைத் தாண்டும்போதுதான் அடுப்புச் சாம்பல் மழை பெய்ததுபோல இறுகிக் கிடப்பதையும், அந்த வேளையில் விளை முழுக்கக் கேட்க வேண்டிய பாளை தட்டும் சத்தம் எந்தப் பனையிலிருந்தும் வராததையும், சுண்ணாம்பும் புளிப்பும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில் ஈரத்தோல் வாடை ஒன்று மெதுவாகக் கசிந்துவருவதையும் அவர் கண்ணும் காதும் மூக்கும் கண்டுகொண்டன. நடந்த அலுப்பில் பூங்கனியின் வீட்டுப் பனையடியில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு நாழிகை கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது.

மேலே ஓலை உரசியது.

கயிற்றில் ஒரு கலயம் இறங்கி வந்தது. ஆடாமல், அசையாமல், அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"எறங்கி வாடே, ஒன்ன பாக்கணும்" என்றார். கலயம் மட்டும் காத்து நின்றது.

தாகம். அவர் குடித்தார். இந்த ஜென்மத்தில் அப்படியொரு இனிப்பைக் குடித்ததில்லை. கடைசி மடக்கில் நாக்கில் ஏதோ ஒட்டியது. விரலால் எடுத்தார். ரோமம். செம்பட்டை நிறம்.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. பெண்களும் பிள்ளைகளும் காய்ச்சியதைத்தான் குடிப்பார்கள். ஏறுகிறவன் மேலேயே கலயத்தில் வாய் வைப்பான். ராத்திரி வவ்வால் வாய் வைத்த அதே கலயத்தில்.

நிமிர்ந்தார்.

ஓலைகளுக்கு நடுவே இரண்டு பாதங்கள். மேலே. அதற்குக் கீழே தொடை, வயிறு, மார்பில் கட்டிக்கொண்ட கைகள். எல்லாவற்றுக்கும் கீழே முகம். கண் திறந்திருந்தது. ஈரமாக இருந்தது. சிமிட்டியது.

அடுத்த பனை. அங்கேயும்.

அதற்கடுத்த பனை.

விளை முழுக்க. வவ்வால்கள் தொங்கும் வரிசையிலேயே, அவற்றுக்கு இடம் விட்டு, ஊர் ஆண்கள் எல்லாரும்.

ஒரு சத்தமில்லை. முகங்கள் மட்டும், ஒவ்வொன்றாக, அவர் பக்கம் திரும்பின.

அடுத்த சந்தை நாளில், உச்சி வெயிலில், தேவகுமார் சுயம்புலிங்கத்தின் கடைக்கு வந்தார். செருப்பில்லை. ஒரு தளர்ச்சியும் இல்லாத முகம். அந்த முகத்தை அப்படி யாரும் பார்த்ததே கிடையாது. சுயம்புலிங்கத்துக்கு இன்னும் கேலி தீரவில்லை.

"என்ன ஏமானே, வேலி கெட்டியாச்சா? எனக்க ஊரு ஆம்பிளியள பாத்தீரா?"

தேவகுமார் அவரைப் பார்க்கவில்லை. கடையின் உத்தரத்தையே அண்ணாந்து பார்த்தபடி, குதிகால் இரண்டும் தரையில் படாமல் நின்றார். நாக்கு மெதுவாக வெளியே வந்து உதட்டை நக்கிக்கொண்டது.

"நீரு சொன்னது நெசந்தான் வே" என்றார். "ஒருத்தனும் எறங்கல்ல. எறங்க மனசு வராது."