ஸ்வான் பப்பின் பின்கதவு

ஷிவான் டூலி மிஸஸ் ராடிகனின் துப்பறியும் ஆபீசுக்குள் வந்தபோது அவள் இடது புருவத்துக்கு மேல் தையல் போட்டிருந்தது. நர்ஸ் வேலை பார்ப்பவள். கண்ணாடியைப் பார்த்துத் தானே தைத்துக்கொண்டாளோ என்று பெர்னி காஃப்ரிக்குச் சந்தேகம் வந்தது, அவ்வளவு கோணல். லிவர்பூல் டவுனில் பட்டப்பகலில் யாரோ அவள் முகத்தில் பீர் பாட்டிலை வீசியிருந்தார்கள். அவள் செய்த குற்றம், கல்லம் டூலியின் அக்காவாகப் பிறந்தது.

கல்லம் யாரென்று பெர்னிக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்ஸி ஓட்டிய காலத்திலும் சரி, முட்டி போய் மிஸஸ் ராடிகனுக்கு எடுபிடியான பிறகும் சரி, மாலை ஆறரைக்கு அவன் 'சாண்டன் லேன்' டிவி தொடரைத் தவறவிட்டதில்லை. கல்லூரிப் பிள்ளைகளின் கதை என்று பெயர். ஆனால் அந்தச் சந்தில் வருஷத்துக்கு நாலு பிணம் விழும். அதில் பாதி, கல்லம் நடிக்கும் ஜேஸ் என்ற ரௌடியின் கைங்கரியம்.

மிஸஸ் ராடிகன் அதில் ஒரு நாள் காட்சிகூடப் பார்த்ததில்லை. போலீசில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். அந்த நேரத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். ஷிவானுக்கு டீ போட்டுக் கொடுத்து, அவசரப்படாமல் சொல்லச் சொன்னார்.

செத்தவர் மார்கஸ் ஹெட்லம், தொடரின் தயாரிப்பாளர். ஸ்டூடியோவில் கட்டிவைத்த தெருவின் பின்சந்தில், ஸ்வான் பப்பின் பின்கதவுக்கு முன்னால் மண்டை நொறுங்கிக் கிடந்திருக்கிறார். சாயங்காலம் விழுந்தவரை மறுநாள் காலை வரை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் கொடுமை. அந்த வாரக் கொலைக்குச் செய்துவைத்த பொம்மை என்று நினைத்து, நடிகர்கள் காப்பிக் கோப்பையோடு அவரைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஈ மொய்ப்பதைப் பார்த்த ஒப்பனைக்காரிதான் முதலில் அலறியவள்.

அன்று மத்தியானம்தான் ஹெட்லம் கல்லமைக் கூப்பிட்டு, ஜேஸ் அடுத்த வாரம் சாகப்போகிறான், உனக்கு இனி வேலை இல்லை என்று சொல்லியிருந்தார். கல்லம் கேன்டீனில் எல்லார் முன்னாலும் கொன்றுவிடுவேன் என்று கத்தினான். பிறகு சண்டைக் காட்சியில் நடித்துவிட்டு, போலி ரத்தம் ஊறிய சட்டையோடு ஸ்டூடியோவில் ஓர் ஓரமாகத் தனியாக உட்கார்ந்து அழுதானாம். அதற்குச் சாட்சி கிடையாது. சட்டையும் அன்றிரவே வழக்கம்போலத் துவைக்கப் போய்விட்டது. போலீஸ் அவனைப் பிடித்துப்போய் ஸ்டேஷனில் வைத்திருந்தது.

"பாத்த ஆளுன்னு ஒருத்தங்க இருக்காங்களா?" என்றார் மிஸஸ் ராடிகன்.

இருந்தாள். பிலிப்பா வெயின், தொடரின் கதையாசிரியை. பிரைட்டனில் வீட்டில் உட்கார்ந்தபடியே நாலு வருஷமாகக் கதை எழுதி அனுப்புகிறவள். ஹெட்லமைப் பார்க்க அன்று முதல்முறையாக ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள். வக்கீல் படித்துக் காட்டிய அவளது வாக்குமூலம் ஷிவானுக்கு மனப்பாடமாகியிருந்தது.

"பப் வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தாங்களாம். உள்ள ரெண்டு பேரும் கத்துறது கேட்டுச்சாம், பாட்டில் உடையிற சத்தமும். சுத்திக்கிட்டுப் பின்சந்துக்கு ஓடினா, பின்கதவு திறந்துச்சாம். ஹெட்லம் தள்ளாடி வெளிய வந்து விழுந்தாராம். பின்னாலேயே என் தம்பி வந்து இரும்பால அடி அடின்னு அடிச்சானாம். பயத்துல ஹோட்டலுக்கு ஓடிட்டு, மறுநாள்தான் போலீசுக்குப் போனாங்களாம்."

"அந்தப் பின்கதவு எனக்குத் தெரியும்," என்று பெர்னி ஆர்வமாக நுழைந்தான். "ஜேஸ் அவனோட மாமனையே அங்கதான்..."

"பெர்னி, நீ கொஞ்சம் பேசாம இருப்பா," என்றார் மிஸஸ் ராடிகன்.

ஷிவான் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஸ்டேஷன் வராந்தாவுல ஒரு குடிகாரன் தம்பி மூஞ்சியச் செவுத்துல மோதிட்டான். மூக்கு போச்சு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குற்றம் சாட்டி ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. நாடே பாத்த அந்த மூஞ்சியோட ஜெயிலுக்குப் போனா உயிரோட திரும்ப மாட்டான். எனக்கு அவனை விட்டா யாரும் இல்லை."

உடனே கிளம்பினார்கள். ஸ்டூடியோ வாசலில், கொலைகாரனைத் தூக்கில் போடு என்று எழுதிய அட்டையோடு ஒரு கூட்டம் மழையில் நின்றது. சுற்றிக் காட்ட வந்தவன் டகி, சண்டைக்காட்சிகளைப் பழக்குகிறவன். மூக்கு இரண்டு இடத்தில் ஒடிந்தவன், கை கடப்பாறை மாதிரி. ஹெட்லம் செத்ததற்கு இங்கே யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவனே சொன்னான். பெர்னி அந்த நிமிஷமே அவனைக் குற்றவாளியாக முடிவுகட்டிவிட்டான்.

முதலில் ஒரு பெரிய கொட்டகைக்குள் போனார்கள். உள்ளே ஸ்வான் பப் அப்படியே இருந்தது. பார்த்துப் பழகிய மேஜை, பித்தளைக் குழாய்கள், மூலையில் பாட்டுப்பெட்டி. பெர்னிக்கு மேலே கூரை இல்லை, விளக்குத் தொங்குகிறது என்பதுகூடக் கண்ணில் படவில்லை. சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

"அன்னிக்குக் கல்லம் இங்கதான் நாலு பேரைப் போட்டு நொறுக்கினான்," என்றான் டகி. "எல்லாம் சர்க்கரையில செஞ்ச பாட்டில், குழந்தை தலையில அடிச்சாலும் வலிக்காது. மறுநாள் போலீஸ்காரங்க வந்து தூளை பயபக்தியாப் பொறுக்கிட்டுப் போனாங்க. யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலையே."

அங்கிருந்து வெளியே வந்து, கார்கள் நிற்கும் மைதானத்தைக் கடந்து, இன்னும் இரண்டு கொட்டகைகளைச் சுற்றிக்கொண்டு, மழையில் தொப்பலாக நனைந்த பிறகுதான் சந்து வந்தது. வீட்டு முகப்புகளும் பப்பின் முகப்பும் அங்கே வரிசையாக நின்றன. பின்பக்கம் சுவர்த்தட்டிகளைச் சாயாமல் பிடித்திருக்கும் இரும்பு எடைக்கற்கள். அதில் ஒன்றால்தான் ஹெட்லமின் தலையைப் பிளந்திருக்கிறார்கள். கல்தரையில் ரத்தக்கறை இன்னும் முழுதாகப் போகவில்லை.

பெர்னி கறையையும் டகியின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். மிஸஸ் ராடிகன் தன் ஈரக் காலணிகளைப் பார்த்தார், அப்புறம் பூட்டியிருந்த பின்கதவை. அதன் சாவி எங்கே என்று கேட்டார். அது தொலைந்து வருஷக்கணக்காயிற்று, படப்பிடிப்பில் தேவைப்பட்டால் பூட்டைக் கழற்றிக்கொள்வோம் என்றான் டகி. சரி, நாளைக் காலையில் கழற்றிவை என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

காரில் பெர்னி டகியின் மேல் வழக்கு ஜோடித்துக்கொண்டே வந்தான். ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்த மிஸஸ் ராடிகன், இந்த வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ஆல்டிஸுக்குப் போன் போட்டார். ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை கற்றவர்தான் ஆல்டிஸ். குற்றம் சாட்டுவதற்கு முன்னால், சாட்சியை ஒரு தரம் சந்துக்குக் கூட்டிவந்து நடந்ததைக் காட்டச் சொல்லுங்கள் என்றார்.

காலையில் சந்தில் எல்லாரும் கூடினார்கள். பிலிப்பா மெலிந்த பெண், கறுப்புக் கோட்டு, கண் சிவந்திருந்தது. ஷிவானிடம் போய்த் துக்கம் விசாரித்தாள். ஷிவான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டகி வேலியோரம் கைகட்டி நின்றான். பெர்னி அவன் தப்பி ஓடாதபடி பக்கத்திலேயே காவல் நின்றான்.

பிலிப்பா சொன்ன கதையில் ஒரு தடங்கலும் இல்லை. கத்தல், பாட்டில், ஓட்டம், கதவு. கேட்கும்போதே பெர்னிக்கு மயிர்க்கூச்செடுத்தது. நன்றாகச் சொல்லத் தெரிந்தவள்.

"இந்தக் கதவுதானே?" என்றார் மிஸஸ் ராடிகன்.

"ஆமா. பட்டுனு திறந்துச்சு. உள்ளேயிருந்து வெளிச்சம் என் கண்ணுல அடிச்சுது."

"இப்ப நீங்களே திறங்க. உள்ள போய் அவங்க எங்க நின்னு சண்டை போட்டாங்கன்னு காட்டுங்க."

பிலிப்பா பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. உள்ளே ஒரு துடைப்பமும் மடக்கிவைத்த சில பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. அதற்குப் பின்னால் பலகை. அவ்வளவுதான்.

பெர்னியின் மண்டையில் மெல்ல உறைத்தது. அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு பப்பை அவனேதான் இத்தனை வருஷமாக மனசுக்குள் கட்டிவைத்திருந்தான்.

மிஸஸ் ராடிகன் நிதானமாகப் பேசினார். "பப்போட உள்பக்கம் மைதானத்துக்கு அந்தாண்ட கொட்டகையில இருக்கு. இங்க இருக்கிறது வெறும் முகப்பு. வாசல் பெஞ்சுல உக்காந்தா உள்ள கத்துறது கேக்காது, ஏன்னா உள்ளன்னு ஒண்ணு இல்லை. இந்தக் கதவு வழியா யாரும் ஓடி வர முடியாது. இங்க வேலை செய்றவங்க யாராச்சும் பொய் சொல்லணும்னா இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டாங்க. வீட்டுல உக்காந்து இந்தச் சந்தை எழுதுற ஒருத்தரால மட்டும்தான் முடியும். நாலு வருஷமா இந்தக் கதவு வழியா ஆளுங்களை ஓடவிட்டுப் பழகின கை அது."

"நாங்க உள்ள பாட்டில் தூளைப் பார்த்தோமே, மேடம்," என்றார் ஆல்டிஸ், குரல் இறங்கி.

"நக்கிப் பாத்திருந்தா இனிச்சிருக்கும், ஆல்டிஸ். உங்க வீட்டுலயும் ஆறரைக்கு இதுதான் ஓடும்போல. அதான் ரெண்டு இடத்தையும் நீங்களே ஒட்டிக்கிட்டீங்க."

அந்த நேரத்தில்தான் பிலிப்பா குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் எடைக்கல் இருந்தது. அதை மிஸஸ் ராடிகனின் தலைக்குக் குறிவைத்து ஓங்கி இறக்கினாள். பெர்னி யோசிக்காமல் கையைக் குறுக்கே நீட்டினான். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அவள் மறுபடி ஓங்குவதற்குள் டகி பாய்ந்து அவளைக் கல்தரையில் குப்புறச் சாய்த்து, முட்டியால் அமுக்கினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்துச் சதையைப் பெயர்த்தாள். விலங்கு மாட்டுவதற்குள் ஆல்டிஸின் உதடும் கிழிந்தது.

விலங்கோடு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். உன்னையும் வேலையை விட்டு எடுத்துவிட்டேன் என்று அன்று ஹெட்லம் இந்தச் சந்தில் நடந்துகொண்டே அவளிடமும் சொல்லியிருக்கிறார், சிரித்தபடி. அவர் திரும்பி நடக்கும்போது அடித்தாளாம். ஒரு அடியோடு நிறுத்தியிருக்கலாம்தான், முடியவில்லை என்றாள். வெளியேறும் வழியில், அழுதுகொண்டிருந்த கல்லமைப் பார்த்திருக்கிறாள்.

ஷிவான் அவள் முன்னால் போய் நின்றாள். "என் தம்பி உனக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணலை," என்றாள் பிலிப்பா. "நாட்டுக்கே அவனைக் கொலைகாரனாப் பழக்கினது நான்தான். அவன் பேரைச் சொன்னா யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்கன்னு தெரியும்."

ஷிவான் விட்ட அறையில் பிலிப்பாவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஆல்டிஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்னிக்கு அடி போதாது என்று தோன்றியது. கூடவே, அந்தக் கேள்வியைத் தானும்தான் கேட்கவில்லை என்று வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் கல்லமை விட்டார்கள். மூக்கில் கட்டு, ஒரு கண் மூடிப்போயிருந்தது. ஸ்டேஷன் படியில் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு, யார் செய்தது என்று கேட்டான். அவள் சொன்னாள்.

"நான் சாகிற காட்சியை அவங்கதான் எழுதியிருந்தாங்க, ஷிவான். ஜெயில்ல வெச்சு நாலு பேர் அடிச்சே கொல்றாங்க. அன்னிக்கு ராத்திரி படிச்சுட்டு, நல்லா எழுதியிருக்கீங்கன்னு மெசேஜ்கூட அனுப்பினேன்."

ஷிவான் தன் கோட்டைக் கழற்றி அவன் முகம் தெரியாதபடி தலையில் போட்டாள். தெருவின் அந்தப் பக்கம் நாலைந்து பேர் ஏற்கனவே கூடிவிட்டிருந்தார்கள், ஒருவன் கையில் பாட்டில். பெர்னி முறியாத கையால் கார்க் கதவைத் திறந்து பிடித்தான்.