ஞாயிற்றுக்கிழமை நீலம்

"கண்டக்டரே... இவரு வெடி கொண்டு வாராரு."

ஜெனிட்டா மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தீபாவளிக்கு இருபது நாள் இருக்கையில், விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், அந்த வார்த்தையை எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் கடைசி சீட்டு வரை கேட்கும். கண்டக்டர் ஒச்சப்பன் விசில் அடித்தார். பஸ் ஓரங்கட்டி நின்றது. வெளியே மழை...

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பக்கத்து சீட்டுக்காரன் மடியில் கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்றை வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தான். வேகத்தடை வந்தால் பெட்டியைத் தூக்கிப் பிடித்தான். ஜன்னல் வழியே சாரல் அடித்தபோது தன் முதுகைக் காட்டி, பெட்டியை நனையாமல் காத்தான். பெட்டியின் மேல் மயில் படம். அந்த மயில் கழுத்து நீலத்தைக் கலந்ததே ஜெனிட்டாதான். சிவகாசி அச்சாபீஸில் அவளுக்கு மை கலக்குகிற வேலை. தன் கையால் கலந்த நீலம் அடையாளம் தெரியாமல் போகுமா?

"தம்பி, பெட்டியத் தொறங்க. இல்லாட்டி எறங்குங்க. பஸ்ல வெடி ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

"வெடியில்லண்ணே."

"பெறகு என்ன?"

"கார்."

பஸ்ஸே சிரித்தது. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னை மாட்டிவிட்டவளை நிமிர்ந்து பார்த்தான்... பெரிய கண்கள். கோபப்பட்டாலும் ஓரத்தில் சிரிப்பு ஒட்டியிருக்கும் கண்கள். எங்கேயோ பார்த்த மாதிரி... என்று நினைப்பதற்குள் ஒச்சப்பன் பெட்டியைத் தட்டினார். அவன் கயிற்றை அவிழ்த்தான்.

உள்ளே பஞ்சு மெத்தையில் ஒரு அம்பாசிடர். உள்ளங்கையில் அடங்கும் அளவு. உடம்பு பிளாஸ்டிக் ஷீட், டயர் பட்டாசுக் குழாயைச் சீவிய அட்டை. ஸ்டியரிங், முன்னால் ஒரே நீளமான சீட்டு, கதவில் பிடி, எல்லாமே அச்சு அசல். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

ஜெனிட்டா மட்டும் குனிந்து உற்றுப் பார்த்தாள். டிக்கியில் இடது ஓரம் ஒரு அமுக்கு, எப்போதோ இடிபட்ட பள்ளம். உள்ளே, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தொங்கும், நூல் அளவு மெலிந்த குருத்தோலைச் சிலுவை. நம்பர் பிளேட்டில் அவள் மனப்பாடமாகச் சொல்லும் நாலு எண்கள்.

"இது... எங்க அப்பா காரு," என்றாள்.

அவன் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பஸ் கிளம்பியது.

"நீங்க... சாலமன்ராஜ் அண்ணாச்சி பொண்ணா?" என்று கடைசியில் கேட்டான். "நான் கதிரவன். ஆலங்குளத்துல இருந்து அண்ணாச்சி காருலதான் சிவகாசி பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பெறகு நாங்க விருதுநகருக்கே போயிட்டோம். உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

எப்படி இருக்கும்? அப்பாவின் காரில் தினமும் பதினோரு பிள்ளைகள். அவள் முன்சீட்டு நடுவில், அப்பாவை ஒட்டி உட்காருவாள். பின்னால் யார் யார் என்று திரும்பிப் பார்த்ததே இல்லை. பின்னாலிருந்து புளிச் சோற்று வாசனையும் கணக்கு வாய்ப்பாடும் மட்டும் வரும். அதெல்லாம் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது... கார் போய் எட்டு வருஷம். இப்போது மடிக்குப் பக்கத்தில் மறுபடியும் அந்தக் கார்.

கண்ணில் நீர் முட்டியதை மறைக்க வேண்டுமே. அதற்குத் தோதாக ஒரு குற்றம் கிடைத்தது.

"எல்லாம் சரி. நிறம் தப்பு."

"என்னது?"

"சாம்பல் அடிச்சு வச்சிருக்கீக. எங்க காரு நீலம்."

"சாம்பல்தாங்க. நான் நாலு வருஷம் போன காரு."

"நான் பொறந்து வளந்த காரு."

கதிரவனுக்குச் சுருக்கென்றது. ரெண்டு வருஷ உழைப்பு. அந்தச் சாம்பல் மட்டும் ஒன்பது பூச்சு. "நான் விருதுநகர் ஜங்ஷன்ல ரயில் சிக்னல் பாக்குறேன். நிறம் தெரியாட்டி எனக்குச் சோறே கெடையாது," என்றான்.

"நான் அச்சாபீஸ்ல மை கலக்குறேன். நீங்க மூணு நிறம் பாப்பீக. நான் முந்நூறு பாக்குறேன்."

ஒச்சப்பன் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிவகாசி வந்தது. எழுந்தவள் தயங்கினாள். "இத எங்க அப்பாவுக்குத் தருவீகளா?" பிடிவாதம் போய், குரல் சின்னப் பிள்ளையாகியிருந்தது.

"ஞாயித்துக்கிழம மதுரைல பொம்மைக் காரு கண்காட்சி. பேரு குடுத்துட்டேன்..."

"தப்பு நிறத்தோடயா?"

"ஆமாங்க, தப்பு நிறத்தோடதான்," என்றான் வீம்பாக.

"எங்க அப்பாவுக்குச் சர்க்கரையில கண்ணு போயி எட்டு வருஷம் ஆச்சு. அவரக் கேட்டாக் கூட நிறத்தச் சரியாச் சொல்வாரு."

சொல்லிவிட்டு இறங்கி மழையில் நடந்தாள். குடை பையிலேயே இருந்தது. கதிரவன் எட்டிப் பார்த்தான். அண்ணாச்சிக்குக் கண்ணு போயிருச்சா... ஜன்னலில் நீர் வழிந்தது. அவள் மங்கிக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் ஆலங்குளம் வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். சாலமன்ராஜ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் பார்வை போன அதே வாரத்தில் காரையும் விற்றவர். அதன்பின் அந்தக் காரைப் பற்றி வீட்டில் பேசினாலே எழுந்து போய்விடுவார். அன்றைக்கு எழவில்லை.

"டிக்கில அந்த அமுக்கு இருந்துச்சா பாப்பா?"

"இருந்துச்சுப்பா."

"அத வச்சிருக்கானா..." என்று சொல்லி, கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த விரல்களைப் பார்க்க ஜெனிட்டாவால் முடியவில்லை. கொஞ்சம் பணிந்து கேட்டிருக்கலாம். அவனும்தான் என்ன, அப்படி ஒரு வீம்பு... ஆனால் அந்தச் சிலுவையை எவ்வளவு பொறுமையாகச் செய்திருந்தான்.

மறுநாள் சீசன் நெருக்கடியிலும் அரைமணி நேரம் திருடி, நினைவிலிருந்த நீலத்தைக் கலந்தாள். இரண்டு முறை தவறி, மூன்றாவதில் கிடைத்தது. ஒரு அட்டையில் பூசிக் காயவைத்து, பின்பக்கம் எழுதினாள்: "அப்பா சனிக்கிழமை சாயங்காலம் கழுவுவார். ஞாயிறு கோயிலுக்குப் போகும்போது இந்த நிறம். மன்னிச்சிருங்க, பேசுனது அதிகம்." கதிரவன், விருதுநகர் ஜங்ஷன் சிக்னல் ஆபீஸ் என்று விலாசம் எழுதி, கூரியரில் அனுப்பினாள்.

பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தபோது வாசலில் ஒரு ஜோடி செருப்பு. உள்ளே அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் கதிரவன். மடியில் மயில் படப் பெட்டி.

"மதுரைக்குப் போகலையா?"

"போகல."

பெட்டியைத் திறந்தான். ஜெனிட்டாவின் முகம் வாடியது. கார் அதே சாம்பல்தான். அட்டை கிடைக்கவில்லையா... அல்லது கிடைத்தும் வீம்பா?

சாலமன்ராஜ் காரை வாங்கினார். விரல்கள் பானட்டில் தொடங்கி, கூரை மேல் ஏறி, டிக்கியில் இறங்கி, அந்த அமுக்கில் நின்றன. பிறகு விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார்.

"தூசி," என்றார். "சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுத் தூசி. வாரம் பூரா இப்படித்தாம்லே இருக்கும் என் காரு."

"பள்ளிக்கூடம் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும்தானே அண்ணாச்சி. நாங்க பாத்தது அந்தத் தூசிக் காரைத்தான்," என்றான் கதிரவன். "ஜெனிட்டா... ஒரு ஈரத்துணி கொண்டு வாரீகளா?"

கொண்டு வந்தாள். காரின் கூரையில் ஒரு இழுப்பு இழுத்தாள். துணி போன வழியெல்லாம் நீலம்... அவள் கலந்த அதே நீலம். மூன்று நாள் லீவு போட்டு, ஒன்பது பூச்சையும் சுரண்டிவிட்டு, அட்டையைப் பார்த்துப் புதிதாகப் பூசியிருந்தான். மேலே ரோட்டுத் தூசியை அள்ளித் தூவியிருந்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"நீலம் வந்துருச்சுப்பா," என்றாள்.

"தெரியும் பாப்பா. கழுவியாச்சுல்ல, இப்ப சனிக்கிழம சாயங்காலம்," என்றார் அப்பா. எட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தப் பழைய டிரைவர் சிரிப்பு.

விரலை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுத் தடவினார். "உள்ள அம்புட்டும் அப்படியே இருக்கு. சிலுவை வரைக்கும் செஞ்சவன், கதவத் தொறந்து ஏறி எறங்குற காருக்கு வெளிய என்ன நிறம்னு எப்படிலே மறந்த? தூசிக்கு நடுவுல எங்கயாச்சும் நீலம் தெரிஞ்சிருக்குமே."

கதிரவன் காலிப் பெட்டியின் மயிலைத் தடவினான்.

"இரு இரு... நீ என் சீட்டுக்குப் பின்னாடி வலது ஜன்னல்ல உக்காருவியே, வாந்தி எடுக்குற பய. நேரா முன்னாடியே பாரு, வாந்தி வராதுன்னு சொன்னேன்."

"ஆமா அண்ணாச்சி. முன்னாடிதான் பாத்தேன்... கண்ணாடிய." தலையைக் குனிந்துகொண்டான். "அதுல ரெண்டு கண்ணு தெரியும். அது சிரிச்சா அன்னைக்குப் பரீட்சை நல்லா எழுதுவேன். காரு என்ன நிறம்னு பாக்கவே இல்ல. நாலு வருஷம்... அந்தக் கண்ணத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்."

ஜெனிட்டா கையில் ஈரத்துணி அப்படியே நின்றது.

சாலமன்ராஜ் காரை மார்போடு வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி எழுந்தார். "நான் இத உள்ள கொண்டு போயி முழுசாத் தொடைக்கேன். துணியக் குடு பாப்பா," என்று வாங்கிக்கொண்டு போனார்.

அறையில் இரண்டு பேர். தகரக் கூரையில் மழை தொடங்கியது.

"கோபமா?" என்றான்.

"கோபம்தான். நாலு வருஷம் ஒரு வார்த்தை பேசலையே..."

"பேசத் தெரியல. அதான் காரு செஞ்சேன்."

அவள் நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கண்கள்... ஓரத்தில் சிரிப்பு ஒட்டிய அதே கண்கள், இந்தத் தடவை கண்ணாடி இல்லாமல்.

"அந்த வார்த்தைய இப்ப நேர்ல பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

அவன் சொன்னான்.