நாலு டிகிரியில் ஒரு நிர்வாகி

"ஐயோ...!"

குளிர் அறையின் இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து அலறல்!

லேப் டெக்னீஷியன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினொன்று நாற்பது.

இன்டர்காம் கரகரத்தது.

"யாரு கதவைப் பூட்டினது? நான் உள்ள இருக்கேன்!"

சிஸ்டம்ஸ்காரர்! அந்தச் சோதனைக்கூடத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே நிர்வாகி. எதைக் கேட்டாலும் 'முடியாது' என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் 'முடியாது சார்'.

மேனேஜர் ஓடி வந்தார். தொப்பை முதலில் வந்து சேர்ந்தது.

"என்னம்மா சத்தம்?"

"முடியா... சிஸ்டம்ஸ் சார் உள்ள மாட்டிக்கிட்டாரு சார். அவர் ஒட்டின 'தொடாதே' ஸ்டிக்கர் ஒண்ணு கிழிஞ்சிருக்குன்னு பார்க்கப் போனாரு."

"பார்த்துக்கிட்டு நிக்கிறியே, திறந்து விடேன்!"

அவள் கம்ப்யூட்டரில் 'கதவைத் திற' என்பதை அழுத்தினாள்.

டொய்ங்!

ஒரு பெட்டி எழுந்து நின்றது.

'இதற்கு நிர்வாகி அனுமதி தேவை. காரணத்தை எழுதவும்.'

"இது என்னம்மா கூத்து?"

"யார் வேணாலும் பூட்டலாம் சார். திறக்கத்தான் அனுமதி வேணும். அவர் போட்ட ரூல்."

இந்தப் பெட்டி அவளுக்குப் புதிதல்ல. மைக்ராஸ்கோப் மென்பொருளில் 'சேமி'யை அழுத்தினாலும் இதே பெட்டிதான். ஆறு நாளாகக் கண் எரிய எண்ணிய செல்கள் எதுவும் இன்னும் சேமிக்கப்படவில்லை. நாற்பத்தேழு முறை அனுமதி கேட்டாள். நாற்பத்தேழு முறையும் ஒரே பதில்.

'காரணம் போதாது.'

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் புதுப்பிப்புக்காகத் தானாக அணையும். ஆறு நாள் உழைப்பும் அதோடு போகும்!

"எழுதும்மா! 'கதவைத் திறக்க'ன்னு போடு!"

எழுதினாள். அனுப்பினாள். கோரிக்கை நிர்வாகியின் போனுக்குப் பறந்தது.

உள்ளே 'டிங்' என்றது.

ஒரு நொடி...

திரையில் சிவப்பு எழுத்து. 'மறுக்கப்பட்டது!'

"யோவ்! உன்னைக் காப்பாத்தத்தான்யா கேட்டோம்!" மேனேஜர் இன்டர்காமைக் கடித்துவிடுவார் போலிருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார்... கை பழகிடுச்சு! டிங்னா அழுத்திடும்! இன்னொரு தடவை அனுப்புங்க!"

அனுப்பினாள்.

டிங்!

'மறுக்கப்பட்டது!'

"இப்ப என்னய்யா?"

"காரணம் ஒரு வரிதான் இருக்கு சார். குறைஞ்சது மூணு வரி வேணும்."

"செத்தா பேப்பர்ல ஒரு வரிதான்யா வரும்! பரவாயில்லையா?"

மேனேஜரே உட்கார்ந்து மூன்று வரி தட்டினார். மூன்றிலும் வசவு.

டிங்!

'மறுக்கப்பட்டது! மூன்று முறை மறுத்ததால் இந்தக் கோரிக்கை ஒரு மணி நேரத்துக்குத் தடை செய்யப்படுகிறது.'

"வசவைப் பார்த்ததும் கோபத்துல அழுத்திட்டேன் சார்..."

உள்ளே பற்கள் தந்தி அடித்தன.

"கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்குமேய்யா?"

"கழட்டி ஸ்டோர்ல வச்சிருக்கேன் சார். யாராவது தொட்டுடுவாங்கன்னு."

மேனேஜர் தலையில் கை வைத்தார்.

"நல்லவேளை... யாரோ ஒரு பிளாஸ்க் சூடா காபி வச்சிட்டுப் போயிருக்காங்க. அதைக் குடிச்சுதான் உயிரோட இருக்கேன்!"

டெக்னீஷியனின் புருவம் லேசாகச் சுருங்கியது. கடிகாரம் பதினொன்று ஐம்பத்து நாலு.

"சார்..." இன்டர்காம் பக்கம் குனிந்தாள். அவள் குரல் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. "ஒரு வழி இருக்கு. முழு நிர்வாகி உரிமையை எனக்கு மாத்திட்டா, தடையை மீறி நானே திறந்திடுவேன்."

"கேளு!"

"முடியாது!" இன்டர்காம் அலறியது. "ஒரே நேரத்துல ஒரு நிர்வாகிதான் இருக்கலாம்! அவளுக்குக் கொடுத்தா என்னுது போயிடும்!"

"உசுரே போகப்போவுதுய்யா!"

"போகட்டும் சார்! பதினோரு வருஷத்துல ஒருத்தருக்கும் கொடுத்ததில்ல!"

அவள் காரணக் கட்டத்தில் நிதானமாக மூன்று வரி எழுதினாள். அனுப்பினாள்.

டிங்!

"இதோ... மறுக்கிறேன்... பாருங்க..." உள்ளிருந்து குரல் நடுங்கியது. குரல் மட்டுமா? கையும் நடுங்கியது. விரலும் நடுங்கியது. கட்டைவிரல் 'மறு' பொத்தானைக் குறிபார்த்தது... தாண்டியது... பக்கத்துப் பொத்தானில் விழுந்தது.

"ஐயய்யோ...!"

திரையில் பச்சை எழுத்து.

'அனுமதிக்கப்பட்டது!'

பதினொன்று ஐம்பத்தேழு.

"திறம்மா! திற!"

"இதோ சார்..."

முதலில் 'சேமி'. ஆறு நாளும் பத்திரம்.

"ஏம்மா, இன்னும் திறக்கல?"

அப்புறம் 'கதவைத் திற'.

முடியாது சார் வெளியே வந்தார். மூக்கு சிவப்பு, உதடு நீலம், கையில் காலி பிளாஸ்க்.

"இது கொலை முயற்சி!" என்றார் மேனேஜர். அவருக்குத் துப்பறிய ஆசை வந்துவிட்டது. "எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து பூட்டினாங்கன்னு பதிவு இருக்குமேய்யா? காட்டு!"

"இருக்கு சார்! இப்பவே கண்டுபிடிக்கிறேன் அந்தப் படுபாவியை!"

தன் மேஜைக்கு ஓடினார். தட்டினார்.

டொய்ங்!

'இதற்கு நிர்வாகி அனுமதி தேவை.'

"நான்தானே நிர்... ஐயோ!"

"சரி, அனுமதி கேளுய்யா. நம்ம பொண்ணுதானே!"

டெக்னீஷியன் தன் நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் 'தொடா' வரைதான் இருந்தது. அதன் கீழே அழகான கையெழுத்து.

'சோதனை எண் 1. வெப்பநிலை: நாலு டிகிரி. கட்டைவிரல் குறி தவற எதிர்பார்த்த நேரம்: பன்னிரண்டு நிமிடம்.'

பேனாவை எடுத்து மிச்சத்தை எழுதினாள்.

'ஆன நேரம்: பதினேழு நிமிடம். தாமதத்துக்குக் காரணம்: பாவம் பார்த்து வைத்த காபி.'

அவள் போன் ஒலித்தது.

டிங்!

'பூட்டுப் பதிவைப் பார்க்க அனுமதி வேண்டும். காரணம்: என்னைக் கொல்லப் பார்த்தவரைப் பிடிக்க.'

அறையின் அந்தக் கோடியிலிருந்து முடியாது சார் கெஞ்சலாகப் பார்த்தார்.

யாருடைய முகத்துக்கு நேராகவும் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு. அத்தனை கூச்சம்!

நல்லவேளை... அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது!