இடது எஞ்சினில் ஒரு ஸ்பேனர்

விஜயதசமி. காலை 6.50.

பறப்பதற்கு முன் ஹெலிகாப்டரின் எஞ்சின்களைத் தானே ஒருமுறை பார்ப்பது விமானி நிருபமாவின் வழக்கம். இடப்பக்க மூடியைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். சுழலும் தண்டுக்கு ஒரு சாண் தள்ளி, பளிச்சென்று ஒரு ஸ்பேனர் கிடந்தது. பார்க்காமல் கிளம்பியிருந்தால் வீட்டுக்குப் பிணமாகத்தான் போயிருப்பாள்.

7.30.

ஆனேக்கல் சாலையில் இருந்த ஹெலிகாப்டர் கம்பெனியின் ஹாங்கர் கொட்டகையில், அரசு விமானப் பாதுகாப்புப் பிரிவு விசாரணை அதிகாரி ஸ்வர்ணா வந்து இறங்கினாள். யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. போன மாதம் மூன்று பேரின் லைசென்ஸைப் பிடுங்கியவளுக்கு யார் காபி கொடுப்பார்கள்? அவளும் காபி குடிக்க வரவில்லை.

நடுவில் ஹெலிகாப்டர் நேற்றைய சாமந்தி மாலையோடு நின்றது. மூன்று டன் எடை, எட்டு இருக்கை, இரண்டு எஞ்சின். ஒன்று தானாக நின்றாலும் மற்றது பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும்; ஸ்பேனர் பட்டுத் தண்டு உடைந்து சிதறினால் அந்தக் கணக்கு செல்லாது. அதைப் பத்து மணிக்கு அரசு அதிகாரிகள் முன் பறந்து காட்டுவதாக இருந்தது. பிற்பகலில், வானில் எண்ணெய் ஒழுகிப்போனாலும் தரையிறங்க நேரம் கிடைக்கும் என்று நிரூபிக்க, கியர்பாக்ஸின் எண்ணெயை வடித்துவிட்டு முப்பது நிமிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். இப்போது இரண்டும் நின்றுபோயின.

திட்டத் தலைவர் உமேஷ் தீர்ப்போடு தயாராக இருந்தார்.

"கேஸ் சிம்பிள் மேடம். நேத்து மூணு மணிக்கு மெக்கானிக் முனிகிருஷ்ணன் இந்த எஞ்சின்ல வேலை பார்த்தான். ஸ்பேனரை உள்ளேயே விட்டுட்டான். ஸ்டோர்ல அவன் டோக்கன் தொங்குது, போய்ப் பாருங்க. டிஸ்மிஸ் லெட்டர் ரெடி. போலீஸுக்கும் சொல்லப் போறேன்."

"பூஜைக்கு நீங்க இருந்தீங்களா?"

"மீட்டிங். கடைசில கற்பூரம் காட்டுறப்பதான் வந்தேன். அதுக்கென்ன இப்போ?"

"கேட்டேன்."

7.50. டூல் ஸ்டோர்.

சுவரெங்கும் பலகை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய பள்ளம். எடுப்பவன் தன் பெயர் வரிசையில் தொங்கும் பித்தளை டோக்கன் ஒன்றைக் கழற்றி, காலியான பள்ளத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் என்பதால் ஒவ்வொரு கருவியிலும் ஒரு குங்குமப் பொட்டு. ஸ்பேனர் இருக்க வேண்டிய பள்ளத்தில் முனிகிருஷ்ணனின் 17-ஆம் எண் டோக்கன், துடைத்து வைத்ததுபோல் மின்னியது. இன்னொரு பள்ளமும் காலி. அங்கே கோவிந்தப்பா என்பவரின் டோக்கன்.

"இது?"

"டார்க் ரெஞ்ச், போல்ட்டை அளவா முறுக்குறது. போன வாரமே டெஸ்டிங்குக்கு வெளிய போச்சு," என்றாள் ஸ்டோர் பொறுப்பாளர் பிரிஜெட். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நேத்து மூடுறப்ப எல்லாத்தையும் எண்ணினீங்களா?"

பிரிஜெட் மேஜை மேலிருந்த பதிவேட்டை மூடினாள்.

"எண்ணலை. அப்படித்தானே?"

"பூஜை அவசரம். நானூறு சாமான். எது இருந்துச்சு, எது இல்லைன்னு எப்படி நெனவு இருக்கும்? என் வேலையையும் புடுங்கப் போறீங்களா?"

"பொட்டு வச்சது யாரு?"

"நான்தான், நாலரைக்கு. நான் சர்ச்சுக்குப் போறவதான். ஆனா இருபது வருஷமா என் ஸ்டோர்ல ஒரு இடம்கூடப் பொட்டில்லாம விட்டதில்ல. வச்சதும் பூட்டியாச்சு. கற்பூரம்கூட வாசல்லதான். அப்புறம் காலைல வரைக்கும் யாரும் சாமானைத் தொடக்கூடாது."

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. உமேஷ் சார்கிட்ட ஒண்ணு."

8.15.

முனிகிருஷ்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருட சர்வீஸ். வேலை போனால் வேறெந்த ஹாங்கரும் அவனைச் சேர்க்காது. அது இருவருக்குமே தெரியும்.

"மூணரைக்கே திருப்பிக் கொடுத்துட்டேன் மேடம். நம்பினா நம்புங்க."

"உமேஷுக்கும் உனக்கும் என்ன தகராறு?"

"எண்ணெய் இல்லாம கியர்பாக்ஸ் முப்பது நிமிஷம் ஓடுச்சுன்னு அவரு ரிப்போர்ட் எழுதினாரு. பக்கத்துல நின்னவன் நான். பத்தொன்பதாவது நிமிஷத்துல புகை வந்து நிறுத்தினோம். சாட்சிக் கையெழுத்து கேட்டாரு, போடலை. போன மாசம் உங்க ஆபீஸுக்கு லெட்டர் போட்டேனே. யாரு படிச்சீங்க?"

ஸ்வர்ணாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கடிதம் அவள் மேஜையில்தான், பிரிக்கப்படாமல் கிடந்தது.

8.40.

எல்லோரையும் ஸ்டோருக்கு அழைத்தாள். கோவிந்தப்பாவின் டோக்கனைக் காட்டினாள்.

"பிரிஜெட், இதுல ஏன் பொட்டு இருக்கு?"

"சாமான் வெளிய போயிருந்தா அதோட டோக்கனுக்கு வைப்பேன். கை பழக்கம்."

"முனிகிருஷ்ணன் டோக்கன்ல இல்லையே?"

பிரிஜெட் கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் வாய் பிளந்தது.

"மூணு மணியிலிருந்து ஸ்பேனர் எஞ்சினுக்குள்ள இருந்திருந்தா, நாலரைக்கு இந்த டோக்கனுக்குப் பொட்டு விழுந்திருக்கும். விழலை. அப்போ பூஜை நேரத்துல பள்ளத்துல இருந்தது ஸ்பேனர்தான். பொட்டும் அதுக்குத்தான் வச்சிருக்காங்க. பூட்டினதுக்கு அப்புறம் யாரோ திறந்து, அந்தப் பொட்டைத் துடைச்சு, விமானி கண்ணுல படுற மாதிரி எஞ்சின்ல போட்டுட்டு, இந்த டோக்கனை மாட்டியிருக்காங்க. சாவி ரெண்டே பேர்கிட்ட. பிரிஜெட்டா இருந்தா டோக்கனுக்குப் பொட்டு வைக்க மறந்திருக்க மாட்டாங்க. கற்பூரத்துக்கு மட்டும் வந்தவருக்குத்தான் அது தெரியாது."

உமேஷ் சிரிக்கப் பார்த்தார். "ஒரு பொட்டை வச்சு என் மேல பழி போடுறீங்களா?"

"பொட்டு இல்லாததை வச்சு. பிற்பகல் கியர்பாக்ஸ் ஓடினா பத்தொன்பதாவது நிமிஷத்துல உங்க பொய் சந்தி சிரிச்சிருக்கும். அந்தச் சோதனையையும் நிறுத்தணும், சாட்சியையும் துரத்தணும். ஒரே ஸ்பேனர்ல ரெண்டையும் முடிச்சிட்டீங்க. சாவியைக் கொடுங்க."

உமேஷ் பாக்கெட்டுக்குள் கைவிட்டார். சாவியை மேஜை மேல் எறிந்தார்.

ஸ்வர்ணா 17-ஆம் எண் டோக்கனைக் கழற்றி முனிகிருஷ்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"டோக்கன் இருக்கட்டும் மேடம்," என்றான். "முதல்ல போய் என் லெட்டரைப் படிங்க."