லைட்டர் கேட்ட அண்ணாச்சி

செல்போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் சத்தியபாமா இட்லியைச் சட்னியில் தோய்த்த கையோடு அதை எடுத்தாள். மறுமுனையில் ஒரு ஆண் குரல் நடுங்கியது.

"மேடம்... தீப்பெட்டி ஆபீஸ் லிங்கராஜ் அண்ணாச்சி செத்துக் கெடக்காவ! வெளக்கு வெடிச்சிட்டு!"

"என்ன வெளக்கு?"

"சுரங்கத்து வெளக்கு மேடம்!"

கோவில்பட்டியில் ஏது சுரங்கம்? கரிசலைத் தோண்டினால் தண்ணீரே வருவதில்லை... நிலக்கரியா வரப்போகிறது?

சத்தியபாமா கையைக் கழுவிவிட்டு ஜீப்பில் ஏறினாள். அந்த இட்லியை அவள் திரும்பப் பார்க்கவே இல்லை.

லிங்கராஜின் வீட்டு மாடி அறை. சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பித்தளை விளக்கு! அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகள் கையில் பிடித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கிய விளக்குகள். மற்ற தீப்பெட்டி முதலாளிகள் பைபாஸ் ஓரம் மனை வாங்கிப் போட்டபோது, லிங்கராஜ் இவற்றை வாங்கி மாட்டினார்.

இப்போது தரையில் கிடந்தார். நெற்றி பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு விளக்கும் பிளந்து கிடந்தது. அதற்கும் பக்கத்தில்...

மஞ்சள் நிற பிளாஸ்டிக் லைட்டர்!

வாசற்படியில் அவர் மனைவி செண்பகவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூலையில் ஒருவன் கைகட்டி நின்றான்.

"நீதான் போன் பண்ணதா?"

"ஆமா மேடம். பேரு தங்கச்சாமி. தூத்துக்குடியில பழைய சாமான் யாவாரம். அண்ணாச்சிக்கு வெளக்கு தேடிக் கொண்டாந்து குடுப்பேன்."

"என்ன நடந்துச்சு?"

"இது கார்பைடு வெளக்கு மேடம். மாங்கா பழுக்க வைப்பாவல்லா, அந்தக் கல்லப் போட்டு மேல தண்ணி சொட்ட விட்டா கேஸ் வரும். பத்த வச்சா எரியும். 'எரிய விட்டுப் பாப்பம், லைட்டரக் குடுல'ன்னாவ. குடுத்துட்டு டீ வாங்கப் போனேன். டமார்னு சத்தம்! ஓடி வந்து பாத்தா..."

"லைட்டரா கேட்டாரு?"

"அவிய வாயாலயே கேட்டாவ மேடம்! பொய் சொல்லுவனா?"

பின்னால் நின்ற ஏட்டு கண்ணபிரான் களுக்கென்று சிரித்துவிட்டார். பிணத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன ஏட்டையா?"

"மேடம், நீங்க ஊருக்குப் புதுசு. லைட்டர் வந்துதான் தீப்பெட்டித் தொழிலு படுத்துட்டுன்னு உண்ணாவிரதம் இருந்தவரு இவரு! போன மாசம் ஒரு மூடை லைட்டர ரோடு ரோலர் விட்டு நசுக்குனாரு. நாந்தான் பந்தோபஸ்து! சொந்த மச்சினன் சட்டைப் பையில லைட்டர் இருக்குன்னு கல்யாணப் பந்தியில இருந்து எழுப்பி விட்டாரு!"

தங்கச்சாமி தோளில் தொங்கிய பையை மெல்லப் பின்னால் தள்ளினான்.

சத்தியபாமா அவனை நெருங்கினாள்.

"கீழ மலை மாதிரி தீப்பெட்டி பண்டல் கெடக்கு. அதை விட்டுட்டு அந்த மனுஷன் உங்கிட்ட லைட்டர் கேட்டாராக்கும்? ஏட்டையா, இவன் பையத் தொறங்க!"

திறந்தார்கள். துணியில் சுற்றிய இன்னொரு விளக்கு. அடிப்பாகம் முழுக்க ரத்தம்!

தங்கச்சாமி அப்படியே முழங்காலிட்டான்.

"மன்னிச்சிருங்க மேடம்! அது டூப்ளிகேட் வெளக்கு... இங்கிலீஷ் கம்பெனி முத்திரைய நானே அடிச்சேன். அண்ணாச்சி கண்டுபிடிச்சிட்டாவ. 'போலீசுக்குச் சொல்லுதேன் பாருல'ன்னு போன எடுத்தாவ. அந்த வெளக்காலயே ஒரு போடு போட்டுட்டேன்! அப்புறம் கார்பைடு வெளக்க நானே ஒடைச்சுப் போட்டேன். பையில கைய விட்டா லைட்டருதான் வந்துச்சு... ச்சே! ஒரு தீப்பெட்டியப் போட்டுருந்தா தப்பிச்சிருப்பேன்!"

விலங்கு மாட்டினார்கள்.

சத்தியபாமா செண்பகவல்லியிடம் போனாள். நிஜமாகவே மனம் கலங்கியிருந்தது.

"அழாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் கொள்கைதான் கொலைகாரனக் காட்டிக் குடுத்துருக்கு!"

செண்பகவல்லி ஏனோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேடம்!" கண்ணபிரான் ஆணியிலிருந்து ஒரு கனத்த விளக்கை எடுத்துக் குலுக்கினார். கலகலவென்று சத்தம். "உள்ள என்னமோ இருக்கு. தொறக்க மாட்டேங்குது!"

"அது பூட்டு வெளக்கு," என்றாள் செண்பகவல்லி தயங்கியபடி. "சுரங்கத்துக்குள்ள பீடி பத்த வைக்க எவனும் தொறந்துரக் கூடாதுல்லா? அதான் காந்தம் வச்சாத்தான் தொறக்கும். காந்தம் அவிய அரணாக்கயித்துல கெடக்கு. எங்கிட்டகூடத் தர மாட்டாவ."

லிங்கராஜின் இடுப்பு அரணாக்கயிற்றிலிருந்து காந்தத்தை அவிழ்த்தார்கள். விளக்கில் வைத்தார்கள்.

க்ளிக்!

அடிப்பாகம் கழன்றது. பொலபொலவென்று தரையில் கொட்டின...

லைட்டர்கள்! சிவப்பு... பச்சை... நீலம்!

விலங்கோடு தங்கச்சாமி துள்ளினான்.

"மேடம்! அப்ப நான் சொன்னத நம்பியிருக்கலாமுல்லா!"

"வாய மூடுல!" ஏட்டு அவனை ஜீப்புக்கு இழுத்துப் போனார்.

"என்னம்மா இது?" சத்தியபாமா குனிந்து ஒரு லைட்டரைக் கையில் எடுத்தாள்.

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாமிக்கு வெளக்கேத்தணும்லா மேடம்... எங்க தீப்பெட்டியில எந்தக் குச்சி பத்துது?"